ஆப்பிரிக்க மீனும் நம் நகர்க் குளமும்

(நமது நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து "அடுத்தவர் வாங்க" என்று கூப்பிட்டதைத் தவிர எனக்குப் பேச்சுப் பழக்கம் கிடையாது. "வீட்டில் ஆப்பிரிக்க மீன் வளர்க்கிறீர்களாமே, கால் மணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்தேன். பிறகு ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு.

போன மாதம் நம் நகர்க் குளத்தின் படித்துறை ஓரம் மஞ்சள் நிறத்தில் நான்கைந்து மீன்கள் நீந்துவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். நானும் போய்ப் பார்த்தேன். அவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த மீன்கள். யாரோ தொட்டியில் வளர்த்துவிட்டுக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். "சார், உங்க வீட்டு மீனா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. அந்த வகை மீன் என்னிடம் இப்போது இல்லை. ஆனால் விட்டவர் மேல் கோபப்படும் யோக்கியதையும் எனக்கு இல்லை. அதே காரியத்தைச் செய்ய ஒரு காலத்தில் வாளியோடு கரை வரை போனவன் நான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2008-இல் என் மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆசைக்காகச் சென்னை கொளத்தூர் போய் ஆறு மஞ்சள் மீன் வாங்கி வந்தேன். கொளத்தூரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வண்ணமீன் வியாபாரத்துக்கு இந்தியாவிலேயே பெயர்பெற்ற இடங்களில் அதுவும் ஒன்று. கடைக்காரர்கள் இந்த மீனை 'எல்லோ லேப்' என்பார்கள். இது சிக்லிட் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது.

ஒரு வருடம் கழித்து ஒரு மீன் திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தியது. தாடை வீங்கினாற்போல் இருந்தது. நோய் என்று நினைத்து மருந்து வாங்கக் கிளம்பினேன். மகள்தான் தொட்டி விளக்கை வைத்து உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, வாய்க்குள்ள ஏதோ உருளுது" என்றாள். முட்டைகள்! இந்த வகைத் தாய்மீன் முட்டையிட்டதும் அவற்றை வாயில் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய மூன்று வாரம் வாயிலேயே அடைகாக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் பட்டினிதான். கடைசியில் சென்டிமீட்டர் அளவுக்கு முழு மீனாக வளர்ந்த குஞ்சுகளை வெளியே விடும். அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

இரண்டாவது தடவையும் பாயசம் வைத்தோம். மூன்றாவது தடவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2010-க்குள் ஒரு தொட்டியில் 60 மீனுக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்றையொன்று துரத்திக் கடிக்க ஆரம்பித்தன. தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. என்னைக் கண்டால் அலுவலக நண்பர்கள் பாதை மாறிப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 40 மீன்களை வாளியில் எடுத்துக்கொண்டு சிதம்பரம் சாலையில் ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஏரிக்குப் போனேன். கரையில் ஒரு பெரியவர் வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் வாளில?"

"கலர் மீனுங்க. வீட்டுல இடம் பத்தல. இங்க விட்டா பொழச்சுக்கும்."

அவர் தன் கூடையைத் திறந்து காட்டினார். அத்தனையும் ஜிலேபி. ஓரத்தில் ஒரே ஒரு குறவை. "எங்க அப்பாரு காலத்துல இந்த ஏரில கெண்டையும் விராலும் வலை தூக்க முடியாது. இப்ப பாருங்க. இதுவும் பொழச்சுக்கும்னு எவனோ விட்டதுதானே சார்?" என்றார்.

அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்றிரவு ஜிலேபியைப் பற்றித் தேடிப் படித்தேன். நாம் கடலூர் மார்க்கெட்டில் மலிவாக வாங்கும் ஜிலேபிக் கெண்டை நம் ஊர் மீன் இல்லை. அது ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் மொசாம்பிக் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்த திலாப்பியா. அதுவும் சிக்லிட் குடும்பம்தான். அதுவும் வாயில்தான் அடைகாக்கும். என் தொட்டி மீனுக்குச் சொந்தக்கார மீன்! 1952-இல் இலங்கை வழியாக மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லதுதான். நாட்டில் உணவுப் பற்றாக்குறை, ஏழைகளுக்கு மலிவான புரதம் வேண்டும் என்று யோசித்தார்கள். ஆனால் இரண்டு மூன்று மாத வயதிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிற மீன் அது. குஞ்சுகளைத் தாய் வாயில் காப்பதால் பெரும்பாலானவை பிழைத்துவிடும். குளம் நிறையக் குட்டி மீன், எதுவும் பெரிதாக வளராது, கூட இருக்கும் கெண்டைகளுக்கும் இரை மிஞ்சாது. 1959-இலேயே இதை மேலும் பரப்ப வேண்டாம் என்று தடை போட்டார்கள். அதற்குள் அது கைமீறிவிட்டது. ஏழே வருடம்! அதன் பிறகு 60 வருடத்துக்கு மேலாகியும் யாராலும் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

கணக்குப் படித்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றும். வங்கியில் தப்பாக ஒரு வரவு வைத்துவிட்டால் மறுநாள் திருத்துப் பதிவு போட்டுச் சரிசெய்யலாம். ஏரியில் விட்ட மீனுக்குத் திருத்துப் பதிவு கிடையாது.

ஜிலேபியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பல ஏழை வீடுகளுக்கு அது குழம்பு மீன். நம் குளத்தில் இருக்கிற நான்கு மஞ்சள் மீன் நாளைக்கே குளத்தை அழித்துவிடும் என்று பயமுறுத்தவும் வரவில்லை. எது தங்கும், எது தங்காது என்று விடும்போது நமக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். மீன் தங்காவிட்டாலும் அதன் உடம்பில் இருக்கும் நோயும் ஒட்டுண்ணியும் தங்கலாம். போன கோடையில் நாமெல்லாம் வசூல் செய்து தூர்வாரிய குளம் அது. அயிரையும் குறவையும் இப்போதுதான் திரும்பி வந்திருக்கின்றன.

அடுத்தது 'தானே' புயல். 2011 டிசம்பர் 30 காலையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. மின்சாரம் திரும்ப வந்தது 13-ஆம் நாள். அப்போது என் தொட்டியில் 22 மீன்கள். காற்று பம்ப் இல்லை, வடிகட்டி இல்லை. இரை போடுவதை நிறுத்தினேன். காலையும் மாலையும் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவேன். அதில்தான் காற்று கலக்கும். கைப்பம்பில் தண்ணீர் அடித்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் மாற்றுவேன். 12 நாளில் இறந்தது இரண்டே மீன். எனக்கே என்மேல் பெருமை.

மின்சாரம் வந்தது. தெருவே கைதட்டியது. நானும் ஓடிப்போய் வடிகட்டியின் சுவிட்சைப் போட்டேன். மறுநாள் காலையில் 17 மீன் மிதந்தன.

புயலில் பிழைத்த மீன்களை நான்தான் கொன்றேன். எப்படி என்பதைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தப் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய டப்பா போன்ற வடிகட்டிக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் அவை செத்து, உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் அழுகிவிடும். 12 நாள் அழுகிய சாக்கடையை நான் ஒரு சுவிட்சில் தொட்டிக்குள் இறக்கிவிட்டேன். மின்சாரம் போனதும் ஸ்பாஞ்சைக் கழற்றித் தொட்டித் தண்ணீரிலேயே தொங்கவிட்டிருக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் முதலில் வடிகட்டியைக் கழுவியிருக்க வேண்டும். இரண்டும் அப்போது எனக்குத் தெரியாது. இப்போது என் வீட்டில் காற்று பம்பில் ஓடும் திறந்த ஸ்பாஞ்ச் வடிகட்டிதான். பக்கத்திலேயே பேட்டரி பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும்.

மிஞ்சிய மூன்று மீனும் ஆயுள் முடிந்து போன பிறகு சில வருடம் தொட்டி காலியாகக் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் இப்போது நீங்கள் வந்து பார்க்கும் மீன்கள் வந்தன.

இவை டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்தவை. தான்சானியா, காங்கோ, புருண்டி, சாம்பியா என்று நான்கு நாடுகளுக்குப் பொதுவான ஏரி. நீளம் சுமார் 670 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே ஏரி! ஆழம் 1,470 மீட்டர். உலகிலேயே இரண்டாவது ஆழமான ஏரி. அதில் இருக்கும் சிக்லிட் வகைகளில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. அந்த ஏரியின் அடியில் சில இடங்களில் செத்த நத்தைகளின் ஓடுகள் குவியல் குவியலாகக் கிடக்கும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் ஓடுகள் எளிதில் கரைவதில்லை. அந்தக் காலி ஓட்டுக்குள் குடித்தனம் நடத்தும் மீன்தான் என்னிடம் இருப்பது. அறிவியல் பெயரில் 'மல்ட்டிஃபேசியேட்டஸ்' என்று வரும். பல கோடுகள் உள்ளது என்று அர்த்தம். வளர்ப்பவர்கள் 'மல்ட்டி' என்பார்கள். ஆண் நாலரை சென்டிமீட்டர், பெண் மூன்று சென்டிமீட்டர். சிக்லிட்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் போர் தண்ணீர்! குக்கரில் வெள்ளைப் படிவு, குழாயில் உப்பு, தலைமுடி கொட்டுகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நாம் புகார் சொல்லும் அதே தண்ணீர். பரிசோதித்துப் பார்த்தேன். தொட்டியில் காற்று ஓடிய பிறகு பி.எச். அளவு 8.4. டாங்கனிக்கா மீனுக்கு 8-லிருந்து 9 வரை வேண்டும். நாம் திட்டுகிற தண்ணீர் அதற்கு அமிர்தம். மீனுக்கு நல்லது என்று சிலர் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்த மீனுக்கு அது ஆகாது. அதில் தாது உப்பு மிகக் குறைவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.எச். கூடினால் அம்மோனியாவின் விஷமும் கூடும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் சுமார் அரை சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். 8.5 ஆனால் 15 சதவீதம். அதனால் இந்தத் தொட்டியில் இரையை அள்ளிப் போடக் கூடாது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பது மட்டும்தான்.

என் தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். 3 கன அடி, அதாவது 85 லிட்டர். அடியில் நன்றாகக் கழுவிய மெல்லிய மணல் இரண்டு அங்குலம். டாங்கனிக்கா நத்தை ஓட்டுக்கு எங்கே போவது? சிதம்பரம் பக்கம் வயல் நத்தை வாங்கிச் சமைக்கும் ஒரு நண்பரிடம் சொல்லிவைத்தேன். கறிக்குப் போனதுபோக ஓடு எனக்கு. கொதிக்கவைத்து, உட்புறம் சுத்தமாகக் கழுவி, வெயிலில் காயவைத்து 30 ஓடு போட்டேன். மீன் இல்லாமலே தொட்டியை ஆறு வாரம் ஓடவிட்டுப் பாக்டீரியா வளர்ந்த பிறகு ஆறு மல்ட்டிகளைக் கொண்டுவந்தேன்.

மறுநாளே வீடு கட்டும் வேலை ஆரம்பம். வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பி, ஓட்டைப் பாதி புதைத்து, வாசல் மட்டும் மேலே தெரியும்படி வைத்துக்கொண்டன. ஒவ்வொன்றும் தன் ஓட்டைச் சுற்றி ஒரு பள்ளம் தோண்டிப் பக்கத்து வீட்டுக்கு வரப்பு போட்டது. எல்லைத் தகராறும் உண்டு. சங்கம் மட்டும்தான் இல்லை.

பெண் ஓட்டின் உள்ளே முட்டையிடும். ஆண் வாசலில் நின்று கருவுறச் செய்யும். நாம் எதையும் பார்க்க முடியாது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் ஓட்டின் வாசலில் காற்புள்ளி அளவுக்கு ஏதோ அசைந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண் இருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தவள் அரை மணி நேரம் நகரவில்லை.

இதில் ஓர் அதிசயம். வளர்ந்த பிள்ளைகளை இந்த மீன் துரத்துவதில்லை. அண்ணன் அக்காவெல்லாம் அதே வாசலைச் சுற்றியே இருக்க, அடுத்த ஈடு பிறந்து வளரும். கூட்டுக் குடும்பம். குஞ்சுக்குத் தூள் இரையும், உப்பு நீரில் ஒரு நாளில் பொரிக்க வைக்கும் ஆர்ட்டீமியாவும் போதும். 14 மாதத்தில் ஆறு மீன் ஐம்பதைத் தாண்டியது.

மறுபடியும் 2010 மாதிரி ஆகிவிடுமோ என்று கேட்பீர்கள். இந்தத் தடவை முன்யோசனை செய்திருந்தேன். புதிதாக ஓடு போடவில்லை. வாங்குபவர் இருக்கிறாரா என்று கடையில் முன்பே பேசி வைத்திருந்தேன். கொடுக்கும்போது ஆறு மீனோடு பதினெட்டு ஓடும், ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பும் சேர்த்துக் கொடுக்கிறேன். மீனைக் கொண்டுவரும் முன்பே, அது பெருகினால் எங்கே போகும் என்பதற்குப் பதில் நம்மிடம் இருக்க வேண்டும். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

இன்னொன்று, நம் ஊர்க் கோடை. மே மாதம் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 8.2 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். 32-இல் 7.3 மில்லிகிராம்தான். மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் மேசை விசிறியைத் திருப்பினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாகிப் போன அளவுக்கு மட்டும் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. ஆகாது என்றேனே என்று கேட்காதீர்கள். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதன் மேல் போர் தண்ணீரே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றும்போது மட்டும் போர் தண்ணீர்.

ஆப்பிரிக்கா வரை போக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. நம் இந்தியாவிலேயே இயற்கையாக வாழும் சிக்லிட் மூன்று வகை உண்டு. கேரளாவில் வாழையிலையில் பொரித்துத் தருகிறார்களே, அந்தக் கரிமீன் அதில் ஒன்று. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்திலும் உண்டு. அதன் நெருங்கிய சொந்தங்கள் மடகாஸ்கர் தீவில் இருக்கின்றன. அதே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீனை வாங்கினால் கடலிலும் ஏரியிலும் பிடிக்க வேண்டியதில்லை. நீங்கள் வாங்கும்போதும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று. எந்தத் தொட்டி மீனையும், உயிரோடோ செத்தோ, குளத்திலும் வாய்க்காலிலும் போடாதீர்கள். செத்த மீனைப் பூந்தொட்டி மண்ணில் புதையுங்கள்.

இரண்டு. வாசலில் சிமெண்டுத் தொட்டியிலும் டப்பிலும் மீன் வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் உள்ளே மாற்றிவிடுங்கள். 2015-இலும் 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் கடலூரில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பார்த்தோம். வெள்ளம் வந்தால் நாம் விடாமலே மீன் ஆற்றுக்குப் போய்விடும்.

மூன்று. வேண்டாத மீனை என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கென்றே ஒரு தொட்டி காலியாக வைத்திருக்கிறேன். யார், ஏன் என்று கேட்க மாட்டேன். வளர்ப்பவரைத் தேடிக் கொடுப்பது என் பொறுப்பு. இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த மஞ்சள் மீன்களைப் பிடிக்கக் கைவலையோடு குளத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பெற்றோரோடு வரலாம். அவற்றை விட்டவரும் வரலாம். நான் அடையாளம் கேட்கப்போவதில்லை. கூட இரண்டு கை இருந்தால் சீக்கிரம் பிடித்துவிடலாம்.